ஒட்டுப்பால் கணக்கு

குலசேகரத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாலை உறையவைத்துத் தகடாக்கின ஷீட்டும், மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலும் விலைக்கு எடுப்போம். ரப்பர் போர்டு லைசென்ஸ் உள்ள கடை என்பதால் யாரிடம் எத்தனை கிலோ எடுத்தோம், என்ன விலை போட்டோம் என்று எழுதி வைத்தாக வேண்டும். பழைய புத்தகங்கள் மச்சில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

எங்கள் பக்கம் பாவமன்னிப்பு கோயிலுக்குள் மட்டும் பேசுகிற விஷயம் இல்லை. 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி மயிலாடியில் வந்து தொடங்கிய மிஷன் வழியில் வந்த சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, அதற்கும் முந்தைய கத்தோலிக்கர், சிரியன் வழிபாட்டு மரபில் வந்த மலங்கரைக்காரர், லுத்தரன், இரட்சணிய சேனை, தெருவுக்கு ஒரு பெந்தெகொஸ்தே சபை என்று எல்லாரும் இருக்கிற ஊர். தராசுக்குக் காத்து நிற்கும்போதே வாதம் தொடங்கிவிடும். பெந்தெகொஸ்தேக்காரர் "நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்பார். குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்த சி.எஸ்.ஐ.காரர் பதில் சொல்லத் தடுமாறுவார். கத்தோலிக்கர் கவலையில்லாமல் நிற்பார். பாவங்களை ஃபாதரிடம் அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது, அது திருச்சபைச் சட்டம்.

ஒரு நாள் மத்தியானம் லோடு எதுவும் இல்லாத நேரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவர் வந்தார். பாறசாலைப் பக்கம் நடந்த ஒரு கன்வென்ஷனுக்கு, அதாவது சுவிசேஷக் கூட்டத்துக்கு, போய் மனந்திரும்பியவர் என்று ஊரில் பேச்சு. "அண்ணே, பழைய புக்கெல்லாம் இருக்கா? நான் போட்ட ஒட்டுப்பால் எவ்வளவுன்னு கூட்டித் தரணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அது என் சரக்கு இல்ல."

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடிகிற பால் நின்ற பிறகு பட்டையில் வெட்டின கோட்டோடு நாடா மாதிரி ஒட்டிக் கிடப்பதும், பால் பிடிக்கிற சிரட்டையின் அடியில் உறைந்து நிற்பதும்தான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு முன் உரித்தெடுத்துச் சாக்கில் சேர்ப்பார்கள். மழைக்காலத்தில் அந்த நாற்றம் குடலைப் புரட்டும். அதனால் தோட்டக்காரர்கள் சாக்கை அவிழ்த்துப் பார்ப்பது அபூர்வம். கால் சாக்கு குறைந்தாலும் தெரியாது. ஷீட்டில் கை வைத்தால் எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர் எடுத்தது இதைத்தான்.

புத்தகங்களை இறக்கித் தூசி தட்டி உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய பக்கங்கள். இவர் பெயர் வருகிற வரியில் எல்லாம் விலை அன்றைய விலையைவிடக் குறைவு. அதே நாள் மற்றவர்களுக்குப் போட்ட விலை மேலேயும் கீழேயும் இருந்தது. யார் தோட்டம் என்று கேட்காமல் எடுப்பதற்கான கழிவு அது. கடைசியில் நல்ல ஒரு தொகை வந்தது. "சகேயு மாதிரி நாலத்தனையா குடுக்க என்னால ஆகாது அண்ணே. எண்ணாகமத்துல ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் குடுக்கணும்னு இருக்கு, அது செய்யலாம்" என்றார். சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன பைபிள் வரிவசூல்காரன். எண்ணாகமமும் பைபிளில் ஒரு புத்தகம். எல்லாம் பாஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

முதலாளி உள்ளே வந்தார். அவரும் சபை மூப்பர். விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது. "நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார்னு மீகாவுல வாசிச்சிருக்கியா? ஆண்டவர் தள்ளுபடி பண்ணினதுக்கு நீ எதுக்குடே வட்டி கெட்டுகே?" என்றார். புத்தகத்தை மச்சில் ஏற்றச் சொன்னார்.

வசனத்தில் பிழை இல்லை. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு என்றுதான் பவுலும் எபேசியருக்கு எழுதுகிறார். பாவத்தண்டனையைக் குறைக்கப் பணம் வாங்குகிறார்கள் என்று கொதித்துத்தான் 1517இல் லுத்தர் எழுந்தார். சகேயுவின் கதையிலும் இயேசு உன் வீட்டில் தங்குவேன் என்று சொன்னது முதலில். சகேயு பணத்தைப் பற்றி வாயைத் திறந்தது அப்புறம். திருப்பிக் கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டும் என்று அங்கே இல்லை. ஆனால் மன்னிப்பு வந்த வீட்டில் திருடின பொருள் அப்படியே இருக்கலாம் என்றும் இல்லை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, அடுத்தவருக்குச் செய்த கேட்டைச் சரிசெய்ய எடுத்துக்காட்டு சொல்லும்போது முதலில் வைப்பது திருடியதைத் திருப்பிக் கொடுப்பதை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறது மத்தேயு. கடவுள் தன் பங்கை மன்னிக்கலாம். தோட்டக்காரரின் பங்கைத் தோட்டக்காரர் அல்லவா மன்னிக்க வேண்டும்? கிருபையைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்களில் சிலருக்குப் புத்தகம் திறக்காமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. இது என் அபிப்பிராயம்.

தோட்டம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சருடையது. கணக்கு எழுதின சீட்டைப் படித்துக்காட்ட நானும் கூடப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் பார்த்தார். பணத்தை எண்ணாமல் வாங்கி வைத்தார். "சரி மக்களே, இது எனக்கு வந்தாச்சு. நான் மன்னிச்சாச்சு. ஆனா மற்றவன்கிட்ட யாரு போறது?"

அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரக்கு குறைகிறது என்று ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்து டீச்சர் நிறுத்தியது மற்றவரை. அவர் குடும்பத்தோடு பத்தனாபுரம் பக்கம் போய்விட்டார். நாங்கள் கூட்டின கூட்டலில் அவருடைய கூலி ஒரு பைசா இல்லை. இவருக்கு அது தெரியாதா என்ன? தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, "அதை நெனச்சா கணக்கு முடியாதுன்னு விட்டுட்டேன் டீச்சர்" என்றார்.

நம்பர் தேடிப் பிடித்து அங்கிருந்தே கூப்பிட்டார். அந்த ஆள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "நீ சொன்னா போராது, டீச்சர் சொல்லணும். ஊருல என்னைக் கள்ளன்னு ஆக்கினது நீ இல்லல்லோ" என்றார். டீச்சர் போனை வாங்கி நேராகவே மன்னிப்புக் கேட்டார். திரும்பி வருகிறாயா என்றும் கேட்டார். அங்கே வெட்டுக்கூலி கூடுதல், மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், வர முடியாது என்றாராம். அடுத்த மாதம் இவர் அங்கே பஸ் ஏறிப் போய் வந்ததாகச் சொன்னார். பணம் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் இவரை மன்னித்தார், ஆனால் வெட்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். இவருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வேறு தோட்டத்துக்குப் போகிறார். முதலாளி இப்போது ஒட்டுப்பால் கொண்டுவருகிறவர்களிடம் "யாரு தோட்டம்?" என்று கேட்கிறார். மனம் திரும்பியா, விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டதாலா என்று கேட்டால் என் வேலை போகும்.