மேட்டுப்பாளையத்திலிருந்து தெரியும் நீலம்

குறிஞ்சி பூப்பதால்தான் நீலகிரி என்று பெயர் வந்தது என்பார்கள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தாலோ, பூக்காத வருடத்திலும் மலை நீலமாகத்தான் இருக்கிறது. அந்த நீலம் நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றுடையது. காற்றின் மூலக்கூறுகள் 450 நானோமீட்டர் அலைநீள நீல ஒளியை, 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. பின்னால் இருட்டாக இருந்தால்தான் அந்தச் சிதறல் எடுபடும். அதனால்தான் சோலைக்காடு மூடிய சரிவு நல்ல நீலமாகவும், அதே தூரத்தில் வெயில் பட்ட புல்வெளி வெளிறியும் தெரிகின்றன. மூடுபனி வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் வேறு. அதன் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும்.

ஆனால் அவ்வளவு நீலத்தையும் நாம் பார்ப்பதில்லை. "அது மரம், மரம் பச்சை" என்று மூளை ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். சாம்பல் நிற அட்டையில் 5 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தொட்டபெட்டாவிலிருந்தோ கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்தோ தூரத்துச் சரிவை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் பச்சை போய்விடும், நீலச்சாம்பல்தான் மிஞ்சும். வெயில் நேராக விழும் வெள்ளை அட்டை மட்டும் வேண்டாம்; கண் கூசி, ஓட்டை கறுப்பாகத் தெரியும். அட்டை இல்லையென்றால் குனிந்து தலைகீழாகப் பார்த்தாலும் நிறங்கள் கூடுதல் அழுத்தமாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் குறித்திருக்கிறார்.

மூளைக்கு இந்தக் கழித்தல் தேவை. விழித்திரையின் கூம்பு செல்கள் மூன்று வகை. ஏறக்குறைய 420, 530, 560 நானோமீட்டர் ஒளியை அவை அதிகம் உணரும். எந்த ஒரு கூம்பும் தனியாக நிறத்தைச் சொல்லாது, எவ்வளவு ஒளி பட்டது என்பதை மட்டுமே சொல்லும். மூன்றையும் ஒப்பிட்டு, விழும் வெளிச்சத்தின் சாயலைக் கழித்து, மிச்சத்தைத்தான் மூளை நிறம் என்கிறது. செல்போன் கேமராவும் இப்படித்தான் கழிக்கிறது, முரட்டுத்தனமாக. 2018-ல் பழனி மலையில் பூத்த குறிஞ்சியைப் போல ஒரு சரிவு முழுக்க ஊதாவாக இருந்தால், வெளிச்சமே அந்தச் சாயல் என்று எண்ணி நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். அடுத்து பூக்கும் 2030-ல் படம் எடுக்கப் போகிறவர்கள், கேமராவில் வெளிச்சத்தின் சாயலைக் கழிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், வெயிலில் 5500 கெல்வினில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே விஷயம்தான் ஊட்டியில் தோடர் சால்வை வாங்கும்போதும் காலை வாரும். வெளிர் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை. மலிவான எல்இடி வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு. இல்லாத ஒளியை நூல் திருப்பி அனுப்ப முடியாதே, அதனால் சிவப்பு மங்கிப் பழுப்பேறித் தெரியும். மூளையால் துணியின் வெண்மையைச் சரிக்கட்ட முடியும், இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. சால்வையை வாசலுக்குக் கொண்டுவந்து, மேகம் மூடிய வானத்தின் கீழ், ஒரு நிமிடம் கண் பழகிய பிறகு பாருங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். புல்தரையில் விரிக்காதீர்கள், பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பும் எடுப்பாகிவிடும். பிரிந்த இடத்தைத் தைக்க நூல் தேடுகிறீர்களா? நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு போனால் நிச்சயம் தவறும். சால்வையையே எடுத்துப்போய், நூலை இடைவெளி இல்லாமல் ஒட்டிவைத்து, கடை விளக்கிலும் வெளியிலும் இரண்டு முறை பாருங்கள். வெவ்வேறு சாயம் ஏற்றிய இரண்டு சிவப்புகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது சகஜம்.

பொழுது சாய்ந்த பிறகு எந்தச் சிவப்பையும் மதிப்பிடாதீர்கள். வெளிச்சம் குறையக் குறையக் கூம்புகள் ஓய்ந்து, விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று இருக்கும் குச்சி செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும்; அவற்றின் உச்சம் 500 நானோமீட்டர் அருகில், சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இல்லை. பகலில் இலையைவிடப் பளிச்சென்றிருந்த ரோடோடென்ட்ரான் பூ அந்தியில் கறுத்து, இலை வெளிறி நிற்கும். பூர்கின்யே விளைவு என்று இதற்குப் பெயர். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் பழகியதில் பெரும்பங்கு போய்விடும். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, மங்கலாக வைத்துக்கொண்டால் அந்தச் சேதம் குறையும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி பறிப்பவர்களில் யாராவது ஓர் ஆண் பச்சைக்காயையும் சேர்த்துப் பறித்தால், கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் அவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் இந்தக் குறை ஆண்களிடமே அதிகம். அவருக்கு இலைக்கு நடுவே பழம் கண்ணில் தனித்துப் படாது. பழத்தை விரலால் அழுத்திப் பறிக்கச் சொல்லுங்கள்: பழுத்தது மெத்தென்று அமுங்கும், காய் கல் மாதிரி நிற்கும்.