இயற்பியல் ப்ராஜெக்டுக்கு லினக்ஸ் மின்ட்: இதுவரை செய்து பார்த்தது

எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு முன் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். போட்டாயிற்று.

லினக்ஸ் வகைகளான உபுண்டு, ஃபெடோரா, மின்ட் ஆகிய மூன்றின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளையும், பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவிலிருந்து தொடங்க உதவும் வென்டாய் என்ற கருவி போட்ட பென்டிரைவில் வைத்து, நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். ஃபெடோரா மிகவும் பிடித்தது. ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. கணக்கீடு ஓடிக்கொண்டிருக்கும்போது பதிப்பு மாற்றும் வேலை எனக்கு வேண்டாம். மின்ட் 22 உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு, உபுண்டுக்கு எழுதிய குறிப்புகள் அனேகமாக அப்படியே இதற்கும் பொருந்தும். என் கணினியில் இருப்பது 4 ஜிபி ராம். அதனால் மின்ட்டிலேயே இலகுவான திரை அமைப்பு கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன்.

அறிவியலுக்கென்றே ஒரு இயங்குதளம் தேட வேண்டுமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். துகள் இயற்பியல் ஆய்வகங்களான ஃபெர்மிலாபும் செர்ன்னும் சேர்ந்து உருவாக்கிய 'சயின்டிஃபிக் லினக்ஸ்' என்று ஒன்று இருந்தது. இனி புதிய பதிப்பு வராது என்று 2019இல் அறிவித்துவிட்டார்கள். பொதுவான லினக்ஸே போதும் என்பதுதான் என் கருத்து.

விண்டோஸை அழிக்கவில்லை. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, விண்டோஸை முழுதாக நிறுத்தாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, பக்கத்திலேயே மின்ட்டை நிறுவினேன். அப்புறம் விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரமான யூடிசியை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி மின்ட்டில் ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் சரியானது.

வரைபடம் போடும் குனூபிளாட், எண் கணக்கீட்டுக்கான ஆக்டேவ், ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான், ஆய்வுக் கட்டுரை அச்சுக்கோக்கும் டெக்ஸ் லைவ் எல்லாம் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைத்தன. டெக்ஸ் லைவை முழுதாகப் போட்டால் பல ஜிபி இழுக்கும், தேவையான பகுதிகளை மட்டும் எடுப்பது நல்லது. பைத்தானில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் நேரடியாக எதையும் போடவிடாமல் 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். மின்ட்டின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில்தான் ஓடுகின்றன, அவற்றைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் இந்தத் தடை. தடையை மீற வழி சொல்வார்கள், கேட்காதீர்கள். ப்ராஜெக்டுக்கென்று தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றதைத் தொடாத தனிப் பைத்தான் இடம்) உருவாக்கி, கணக்கீட்டுக்கும் வரைபடத்துக்குமான நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் மூன்றையும் அதற்குள் போட்டேன்.

முக்கியமான சோதனை, பொருள்களின் எலக்ட்ரான் ஆற்றலைக் கணக்கிடும் மென்பொருளான குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ. மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்த பதிப்பு கொஞ்சம் பழையது, ஆனால் கம்பைல் செய்யும் வேலையே இல்லாமல் ஓடியது. சிலிக்கானை எடுத்து, லாட்டிஸ் மாறிலியை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் நீளம்) சிறிது சிறிதாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு வரைபடம் போட்டேன். பிபிஇ என்ற தோராய முறையில் குறைந்தபட்ச ஆற்றல் 5.47 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் வந்தது. ஆய்வக அளவீடு 5.43. பிபிஇ இப்படிச் சற்றுக் கூடுதலாகத்தான் கொடுக்கும் என்பதால் கணக்கு சரியாக ஓடுகிறது என்று நம்பிக்கை வந்தது. இரண்டு அணுக்கள் மட்டும் கொண்ட யூனிட் செல் (படிகத்தின் அடிப்படைக் கட்டம்) என்பதால் 4 ஜிபி ராமில் தாராளமாக நடந்தது.

அடுத்து கே-புள்ளிகளை (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) கூட்டி ஆற்றல் எங்கே நிலைக்கிறது என்று பார்த்துவிட்டு, எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளைக் காட்டும் பேண்ட் ஸ்ட்ரக்சர் வரைபடம் போடப் போகிறேன்.