மூன்று நொடி: வெள்ளைப் பட்டையில் இரண்டு போட்டிகள் எனக்குக் கற்றுத் தந்தவை

சென்ற வாரம் நடந்த ஜியு ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டிப் பூட்டுப் போடும் தற்காப்புக் கலை) போட்டியில், தொடக்கநிலையினருக்கான வெள்ளைப் பட்டை, 70 கிலோ வரையிலான ஃபெதர் எடைப் பிரிவில் எனக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஏழு மாதங்களுக்கு முன் இதே பிரிவில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினேன். இடைப்பட்ட காலத்தில் என் உடல் வலிமை பெரிதாகக் கூடிவிடவில்லை. புதிதாக நான் கற்றுக்கொண்ட பிடிகளும் மிகச் சிலவே. ஒரு நிலையை அடைந்த பிறகு அங்கே மூன்று நொடி அசையாமல் இருக்கப் பழகினேன், அவ்வளவுதான். முதல் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி இந்த மூன்று நொடியைப் பற்றியதே.

முதலில் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு ஜிட்சு கூட்டமைப்பு) விதிகளின்படி நடந்த போட்டி அது. வெள்ளைப் பட்டைக்கு ஐந்து நிமிட ஆட்டம். இரண்டாவது நிமிடத்தில் எதிராளி என்னை ஸ்வீப் செய்து, அதாவது கீழிருந்து என்னைப் புரட்டி மேலே வந்து, 2 புள்ளிகள் பெற்றார். நான் பதறவில்லை. கீழிருந்து எழுந்து நின்று, அவருடைய கார்டைக் (கீழே இருப்பவர் கால்களால் தடுக்கும் நிலை) கடந்து, நிற்காமல் மவுண்ட் (எதிராளியின் உடல்மேல் இருபுறமும் கால் போட்டு அமரும் நிலை) வரைக்கும் போய்விட்டேன். அப்போது ஆட்டத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மீதமிருந்தது. அவருடைய வலது கை நீண்டு கிடந்ததைப் பார்த்ததும் ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் பிடி) திரும்பினேன். அவர் முழங்கையை உருவிக்கொண்டு என் கார்டுக்குள் மேலே வந்து அமர்ந்துவிட்டார். அதன்பின் நேரம் முடியும் வரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2–0 என்று தோற்றேன்.

கார்டைக் கடந்ததற்கு 3, மவுண்டுக்கு 4 என்று மொத்தம் 7 புள்ளிகள் எனக்கு வந்திருக்கும் என்றே ஆட்டம் முடியும் வரை நம்பியிருந்தேன். தொடர்ச்சியாக அடைந்த நிலைகளுக்கு, கடைசி நிலையில் மூன்று நொடி நிலைத்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து கிடைக்கும். நிலைக்காவிட்டால் அட்வான்டேஜ் மட்டுமே. புள்ளிகள் சமமாக இல்லாத ஆட்டத்தில் அந்த அட்வான்டேஜால் பயனில்லை. விதிநூலை நான் படித்திருந்தேன், பயிற்சியாளர் பலமுறை சொல்லியும் இருந்தார், இருந்தும் என் உடலுக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் பயிற்சிக்கூடத்தில் ரோல் செய்யும்போது, அதாவது ஒருவரோடொருவர் மோதிப் பழகும்போது, யாரும் புள்ளி எண்ணுவதில்லை. மவுண்ட் கிடைத்தால் உடனே கையையோ கழுத்தையோ தேடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

அடுத்த ஏழு மாதங்களும் ஒவ்வொரு ரோலிலும் நான் எண்ணினேன். சைடு கன்ட்ரோல் (பக்கவாட்டில் படுத்து அழுத்தும் நிலை), மவுண்ட், முதுகுப் பிடி, வயிற்றின் மேல் முழங்கால், ஸ்வீப் முடித்து மேலே வந்த கணம் என எதுவானாலும் மார்பின் எடையை முழுவதுமாக இறக்கி, மூக்கின் வழியே மூச்சை விட்டபடி மனத்துக்குள் நான்கு வரை எண்ணுவேன். மூன்றுக்குப் பதில் நான்கு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. போட்டிப் படபடப்பில் நாம் எண்ணும் மூன்று, நடுவருக்கு இரண்டாகவே இருக்கும். முதல் மாதத்தில் இந்தப் பழக்கத்தால் பயிற்சியில் எத்தனையோ கைப்பூட்டு வாய்ப்புகளை இழந்தேன், கூடப் பழகுகிறவர்கள் எளிதாகத் தப்பினார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். எதிராளி என் கார்டைக் கடந்துவிட்டாலும் அடுத்த மூன்று நொடி எனக்கு உரியது. அதற்குள் இடுப்பை நகர்த்தி முழங்காலை உள்ளே நுழைத்துவிட்டால் அவருக்கு 3 புள்ளிகள் கிடைக்காமல் அட்வான்டேஜ் மட்டுமே கிடைக்கும். கடந்துவிட்டாரே என்று மனம் தளர்ந்து மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான வெள்ளைப் பட்டைகள் புள்ளியை விட்டுக்கொடுக்கிறோம்.

போட்டி நாளுக்கான மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

– முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான், ஜி என்னும் போட்டி உடையோடு சேர்த்து எடை பார்ப்பார்கள். மறு வாய்ப்பு கிடையாது. பட்டையோடு சேர்த்து என் ஜி ஏறத்தாழ 2 கிலோ இருக்கிறது. அதைக் கழித்தே உடல் எடையைத் திட்டமிட்டேன். தண்ணீரைக் குறைத்து எடை இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் எடை பார்த்தபின் உடல் தேறுவதற்கு நேரமே இல்லை.

– ஜியின் நிறம் வெள்ளை, நீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்று ஜி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

– வியர்வை வரும் வரை உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். முதல் போட்டியில் நான் அதைச் செய்யவில்லை. முதல் நிமிடத்திலேயே முன்கைகள் கல்லாக இறுகி, பிடி நழுவியது.

– கழுத்துப் பட்டியை ஆட்டம் முழுவதும் முழு வலுவோடு பற்றாதீர்கள். இழுக்கும்போது மட்டும் இறுக்குங்கள்.

– வெள்ளைப் பட்டைக்கு மணிக்கட்டுப் பூட்டும், பாய்ந்து மூடிய கார்டுக்குள் (எதிராளியின் இடுப்பைக் கால்களால் சுற்றிப் பூட்டும் நிலை) இழுப்பதும் தடை. எதிராளியின் முழங்காலுக்குக் குறுக்கே கால் போட்டுத் திருகும் நிலை தெரியாமல் நேர்ந்தாலும் வெளியேற்றப்படலாம். நேரான கணுக்கால் பூட்டை விரும்புகிறவர்கள் உங்கள் பாதம் எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சியிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நின்றபடி மோதுவதா, கார்டுக்கு இழுப்பதா (தானே கீழே அமர்ந்து எதிராளியைத் தன் கால்களுக்குள் கொண்டுவருவதா) என்பதில் நான் இழுப்பவர்கள் பக்கம். வீழ்த்தும் திறமை எனக்குக் குறைவு என்பதோடு, என்னைப்போல் தொடக்கத்தில் மிகுதியாகப் பதறுகிறவர்களுக்கு, ஆட்டம் தரைக்கு வந்துவிட்டால் மனம் அடங்கும். முதலில் ஒரு பிடியாவது கையில் இருக்க வேண்டும். பிடி இல்லாமல் அமர்ந்தால் தண்டனை. மல்யுத்தமோ ஜூடோவோ தெரிந்தவர்கள் இந்த அறிவுரையை விட்டுவிடலாம்.

சென்ற வாரப் போட்டிக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தில் ஸ்வீப் 2, கார்டு கடந்ததற்கு 3 என்று 5–0. அரையிறுதியில் எதிராளி என்னை வீழ்த்தி 2 புள்ளிகள் எடுத்தார். அவர் ஆமைபோல் சுருண்ட ஒரு தருணத்தில் முதுகுக்குப் போய், இரண்டு கால்களையும் உள்ளே கொக்கி போட்டு எண்ணத் தொடங்கினேன். இரண்டு எண்ணும்போது அவர் கழுத்து முழுவதும் திறந்திருந்தது. பழைய நானாக இருந்தால் கையை அங்கே கொண்டு போயிருப்பேன். எண்ணி முடித்து, நடுவர் நான்கு விரல் காட்டியதைப் பார்த்த பிறகே கழுத்துக்குப் போனேன். கழுத்து நெரிப்பு அமையவில்லை, அவர் தப்பிவிட்டார். 4–2 என்று நான் வென்றேன். பதக்கம் அணிந்த நேரத்தைவிட அந்த நான்கு விரல்களைப் பார்த்த கணத்தில்தான் என் மனம் நிறைந்தது.

இறுதி ஆட்டத்தில் புள்ளிகள் 2–2 என்று சமமாகி, அட்வான்டேஜில் தோற்றேன். நான் கார்டுக்கு இழுத்ததும் அவர் என் கால்களைச் சுற்றி வந்து பக்கவாட்டில் படுத்தார். முழங்காலை உள்ளே நுழைத்துவிட்டேன், அவருக்கு 3 புள்ளிகள் போகவில்லை, ஆனால் அந்த ஒரு அட்வான்டேஜ் நின்றுவிட்டது. நான் ஒரு ஸ்வீப், அவர் ஒரு ஸ்வீப். கடைசி நாற்பது நொடிகள் அவர் மேலிருந்து என் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை அவருடைய சமநிலையைக் குலைக்க முயன்றேன். இரண்டாவது முறை அவருடைய ஒரு கை தரையில் ஊன்றியது, மணி அடித்துவிட்டது. இந்த வாரம் முதல் ஒவ்வொரு ரோலையும், கீழே கிடந்தபடி நாற்பது நொடிகள் மட்டுமே மீதமிருக்கின்றன என்ற நிலையிலிருந்து தொடங்குகிறேன்.