தை மாதப் பனியில் காலாப்பட்டுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தொலைவுக்குள் மாநில எல்லையைக் குறைந்தது மூன்று முறை கடந்தாக வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கும். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பத்தில் மீண்டும் தமிழ்நாடு வந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்துக்கு நடுவே தனித்துக் கிடக்கும் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற இந்த ஒட்டுப்போட்ட வரைபடத்தை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக எண்ணியதில்லை. 2020 மே மாதம், கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் கொரோனா தொற்று ஏறியபோது, முள்ளோடைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு இருந்தும் போக முடியாமல் நின்றபோதுதான் எல்லை என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்தபோது இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி, என் ஆய்வுக்காகப் பாகூர் ஏரிப் பாசன வயல்களிலிருந்து பிப்ரவரியில் எடுத்து வந்த நாற்பது மண் மாதிரிகளையும் ஆய்வகத்தின் உறைபெட்டியில் அப்படியே விட்டு வந்திருந்தேன். நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது வீட்டில் எல்லோரும் கூரை ஓடுகளைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் கவலைப்பட, நான் மின்சாரம் போயிருக்குமே, மண் உருகியிருக்குமே என்று விழித்துக் கிடந்தேன். அந்த மாதம்தான் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்களும் வந்திருந்தன: ஆய்வு மாணவர்கள் முதலில் வரலாம், விடுதியில் அறையைப் பகிரக் கூடாது, வெளியிலிருந்து வருபவர்கள் 14 நாட்கள் தனித்திருந்து தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும். என் முறை பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, 2021 ஜனவரி 18 அன்று வந்தது. நாட்டில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. என் போன்றவர்களுக்கு முகக்கவசமும் சன்னலும்தான் துணை.

சன்னல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கே சிரிப்பார்கள். ஆனால் தை மாதத்து விடியற்காலைப் பேருந்தில் அத்தனை கண்ணாடியும் சாத்தியிருக்கும். மூடிய வண்டிக்குள் ஐம்பது பேர் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்குவதைவிடக் கூதல் காற்று எவ்வளவோ மேல் என்று நினைத்து, என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் அளவு திறந்து வைத்தேன். பின்னிருக்கையில் குழந்தையோடு இருந்த அம்மா, "கண்ணாடிய கொஞ்சம் சாத்தும்மா, புள்ளைக்குப் பனி ஒத்துக்காது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சளி பிடித்தால் தெருவே ஒதுங்கி நிற்கும். கடைசியில் காற்று நேராகப் படாத முன்னிருக்கைக்கு அவர் மாறிக்கொள்ள, நான் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டேன். முகக்கவசத்துக்கு மேல் மூக்குக் கண்ணாடி மூச்சுக்கு மூச்சு புகை படிந்ததால் பெண்ணையாற்றுப் பாலம் பாதிதான் தெரிந்தது.

சாராயப் பாட்டில் தேடுவதற்கே பேர்போன ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் யாரும் எங்களை நிறுத்தவில்லை, முள்ளோடையிலும் அப்படியே. எட்டு மாதங்களுக்கு முன் அங்கே நின்று திரும்பியவளுக்கு அது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாகூர்ப் பக்கம் வயல்களில் பருவம் தப்பிய ஜனவரி மழையில் சம்பா சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்தது. நகரில் வண்டி மாறி, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் கடந்து வளாக வாசலில் இறங்கும்போது மணி எட்டு.

வாசலில் காவலர் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டினார். 94.1 என்று காட்டியது. மறுபடியும் பார்த்தார், 93.8. "ஏம்மா, இது உசுரோட இருக்கிறவங்க கணக்கே இல்லையே" என்று சொல்லிவிட்டு, என்னைப் பத்து நிமிடம் வெயிலில் உட்காரச் சொன்னார். பனிக்காற்றில் குளிர்ந்த தோலைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. உள்ளே காய்ச்சல் இருந்தாலும் அது தெரிந்திருக்காது என்பதை நினைத்தபோது சிரிப்பு அடங்கியது. அடுத்து விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 91 என்றது. அண்ணன் மருந்துக்கடையில் வேலை செய்வதால் இந்த விவரம் எனக்குத் தெரியும்: விரல் சில்லிட்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றி மீண்டும் மாட்ட, 95, 96 என்று ஏறி 98-இல் நின்றது. குளிர்காலத்தில் வளாகம் திரும்பும் யாருக்கும் நான் சொன்ன முதல் விவரம் இதுதான்.

பதினான்கு நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய மின்கெண்டியில் வெந்நீர் வைத்தேன், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தேன், கடல் இரைச்சலைக் கேட்டபடி ஓர் அத்தியாயம் எழுதினேன். பையையும் புத்தகத்தையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்ததெல்லாம் வீண் வேலை என்று இன்று தோன்றுகிறது. சன்னலைத் திறந்து வைத்துப் படுத்தது வீணில்லை.

பிப்ரவரி முதல் தேதி உறைபெட்டியைத் திறந்தேன். பைகள் கல்லாக உறைந்துதான் இருந்தன. ஆனால் அடித்தட்டில் கண்ணாடிபோல் ஒரு பனிப்பாளம் படிந்து, நான்கு பைகள் அதில் சாய்ந்தவாறு ஒட்டியிருந்தன. ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அவசரத்தில் சாதாரண மைப்பேனாவால் நான் எழுதிய வயல் எண்கள் பதினோரு பைகளில் நீலக் கறையாகப் பரவியிருந்தன. பேனா பென்சிலாக இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

அடுத்த வாரம் மண்வெட்டியும் புதுப் பைகளும் இரண்டு பென்சில்களுமாகப் பாகூருக்குப் பேருந்து ஏறினேன். கண்ணாடிகளெல்லாம் சாத்தித்தான் இருந்தன. பின்னால் குழந்தை யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு ஒரு சன்னலோரம் உட்கார்ந்தேன்.