இந்தியக் கணிதச் சங்கத்தின் பழைய இதழ்களைத் தேடிப் படித்த அனுபவம்

எங்கள் கல்லூரிக் கணிதத் துறையின் ஆண்டு மலருக்காக, இந்தியக் கணிதச் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். சங்கத்தைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் இராமானுஜன் வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டுமே அதைக் காட்டின. ஆகவே சங்கத்தின் பழைய இதழ்களையே நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் அனுமதி பெறத் துறைத்தலைவரின் கடிதம் தேவைப்பட்டது. அந்தக் கடிதத்தில் ‘பழைய இதழ்கள்’ என்று பொதுவாகக் குறிப்பிட்டால் வேலை நகராது. தொகுதி எண்ணையும் ஆண்டையும் தெளிவாக எழுத வேண்டும். இதழ் 1909இல் தொடங்கியது, இராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் மூன்றாம் தொகுதியில் வந்தது என்ற இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டே முதல் ஐந்து தொகுதிகளைக் கேட்டேன். தாள்கள் நொறுங்கும் நிலையில் இருந்ததால் ஒளிநகல் எடுக்க அனுமதியில்லை. பென்சிலால் குறிப்பெடுக்கலாம் என்றார்கள். அதுவும் நன்மையாகவே முடிந்தது, ஏனெனில் நகலெடுத்திருந்தால் இராமானுஜனின் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன்.

கைப்பட எழுத வேண்டியிருந்ததால் கட்டுரைகளுக்கு நடுவில் இருந்தவற்றையும் படிக்க நேர்ந்தது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள், நூலகத்துக்கு வந்த புத்தகங்கள் முதலியவற்றைத் தெரிவிக்கும் அறிக்கைகளே எனக்கு மிகவும் பயன்பட்டன. கூட்டி என்னும் ஊரில் துணை கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர் 1907இல் சுமார் இருபது பேருடன் ‘அனலிட்டிக் கிளப்’ என்ற பெயரில் இச்சங்கத்தைத் தொடங்கியபோது, அவருடைய நோக்கம் ஆராய்ச்சி மாநாடு நடத்துவதன்று. தனியொருவரால் வாங்க முடியாத வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் கூட்டாகச் சந்தா கட்டி வரவழைத்துப் படிப்பதுதான். புணேயின் பெர்குசன் கல்லூரியில் வைக்கப்பட்ட அந்த நூல்கள் உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றி வந்தன. வெளியூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அக்காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதை, இன்று எல்லாவற்றையும் திரையில் பார்க்கும் நாம் எளிதில் உணர மாட்டோம்.

அடுத்து, வினா–விடைப் பகுதி. இராமானுஜனின் 289ஆம் வினாவை அங்கே பார்த்தேன். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றித் தொடரும் கோவை ஒன்றின் மதிப்பைக் கேட்கும் வினா அது. மதிப்பு 3 என்று பின்னர் அவரே விடை தந்தார். புகழ்பெற்ற அந்த வினாவைவிட, அதற்கு முன்னும் பின்னும் உள்ள, யாரும் நினைவில் வைத்திராத ஆசிரியர்களின் வினாக்களே என்னை அதிகம் ஈர்த்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டமும் பதவியும் இல்லாத ஓர் இளைஞரின் வினாவும் பேராசிரியரின் வினாவும் அடுத்தடுத்த எண்களோடு ஒரே பக்கத்தில் அச்சாகும் ஏற்பாடு இருந்ததால்தான், வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு வந்த இராமானுஜனின் குறிப்பேட்டைக் கண்ட இராமசுவாமி ஐயருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அவரைக் கணித உலகின் முன் நிறுத்த ஓர் இடம் இருந்தது.

இதே வழியில் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பைண்டிங் செய்யும்போது பல நூலகங்களில் இதழ்களின் மேலட்டைகளை எடுத்துவிடுகிறார்கள், அட்டையில் அச்சான அறிவிப்புகளும் அவற்றோடு போய்விடும். ஒரு நூலகத்தில் கிடைக்காதது வேறொரு நூலகத்தின் பிரதியில் இருக்கக்கூடும். 1933க்குப் பிந்தைய காலத்தைத் தேடுபவர்கள், சங்கம் அவ்வாண்டு தொடங்கிய ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ இதழையும் சேர்த்தே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.