வீடு துடைக்கும் நாட்குறிப்பு: ஏப்ரல் முதல் ஜூலை வரை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

எலுமிச்சையும் சாத்துக்குடியும் தினம் பிழிகிற காலம். மூடிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் சேர்த்தால் மூன்று மாதத்தில் தரை துடைக்கும் நீர் கிடைத்துவிடும். எல்லாரும் பயோ என்சைம் என்கிறார்கள். அளவு 1:3:10. வெல்லம் 100 கிராம், பழத்தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் சரியாக இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக நிற்க வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. புளிக்கும்போது வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் புளிப்பு ஏறத் தாமதமாகும். உப்பில் ஊறிய தோல், எண்ணெய் பட்ட தோல் எதுவும் வேண்டாம். மேலே வெள்ளை ஏடு படிந்தால் பயமில்லை, கலக்கிவிடலாம். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை பூத்தால் தோல் நீருக்கு மேலே மிதந்து காற்றில் நின்றிருக்கிறது என்று பொருள். பூத்ததை எடுத்துவிட்டு, ஒரு பிடி வெல்லம் போட்டு, தோலை அழுத்தி மூழ்கவைத்தால் பெரும்பாலும் மீளும். அழுகல் நாற்றம் வந்துவிட்டால் உரக்குழிக்குத்தான்.

பாட்டிலில் பெயரும் "ஜூலை 5 வடிக்க" என்ற குறிப்பும் ஒட்டியாயிற்று. பார்க்க ஜூஸ் மாதிரியே இருக்கும் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத மேல் தட்டில்தான் இதற்கு இடம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை முதல் நாள். குத்துவிளக்கும் பித்தளைச் சொம்பும் துலக்கும் நாள் இது. நெல்லிக்காய் அளவு பழம்புளி, ஒரு டீஸ்பூன் கல் உப்பு, பிசைகிற அளவுக்குத் தண்ணீர். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கறுத்த படலத்தைக் கரைக்கிறது, உப்பு அதை விரைவுபடுத்துகிறது. தேய்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். பூசிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் பித்தளை அங்கங்கே செம்பு நிறத்தில் சிவந்து நிற்கும். அது அழுக்கு இல்லை. புளிப்பு பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. மறுபடி புளி போட்டால் இன்னும் சிவக்கும். விபூதியைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கழுவிய கையோடு உலர்ந்த துணியால் துடைப்பது தேய்ப்பதைவிட முக்கியம். போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சீயக்காய்த் தூள், பிறகு புளி. பிசுக்கின் மேல் புளிப்பு ஏறாது. வெள்ளிக்குப் புளி வேண்டாம், விபூதி போதும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூந்திக்கொட்டைக் கரைசல் தீர்ந்தது, புதிதாகக் காய்ச்சியாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் விதை நீக்கியதாகக் கேட்டு வாங்குவதே லாபம். நுரை தரும் சபோனின் தோலில்தான் இருக்கிறது. விதைக்குக் கொடுக்கும் காசு வீண்.

100 கிராம் தோல், 1 லிட்டர் தண்ணீர், இரவு முழுக்க ஊறல். காலையில் சிறு தீயில் 20 நிமிடம். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும், பெரிய பாத்திரமாகவே எடுக்க வேண்டும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டலாம். சக்கையில் அரை லிட்டர் ஊற்றி இன்னொரு முறை காய்ச்சினால் இரண்டாம் கரைசல் கிடைக்கும். அது தரைக்கும் வாசல்படிக்கும்.

வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நூல் நூலாகத் திரியும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் தருவார்கள். அதிகம் காய்ச்சியவர்கள் ஐஸ் தட்டில் உறையவைத்துக் கட்டி கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மீன் தொட்டி அருகில் ஒரு சொட்டும் கூடாது. சபோனின் மீனுக்கு நஞ்சு.

நுரை குறைவாக வருகிறதே என்று மேலும் மேலும் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. நுரை வேறு, சுத்தம் வேறு. எண்ணெய்ச் சட்டியை முதலில் வண்டு விழுந்த பழைய மாவால் துடைத்து எடுத்துவிட்டால், இரண்டு ஸ்பூன் கரைசலே போதும்.

மே 11, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம். போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது, குழாய் வாயெல்லாம் வெள்ளைச் செதில். இது கால்சியம் கார்பனேட். எவ்வளவு சோப்பு போட்டாலும் அசையாது, புளிப்புக்கு மட்டும் இளகும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை உப்பு 2 டேபிள்ஸ்பூன், அதாவது சுமார் 30 கிராம். ஷவர் தலையைக் கழற்றி ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். பளபளப்புப் பூச்சுள்ள குழாய்க்கு நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். டைல்ஸில் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீரால் அலச வேண்டும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் புளிப்பு தின்னும்.

இதே காரணத்தால் மார்பிள், மொசைக், சிவப்புக் காவித் தரை, கடப்பாக் கல் எதிலும் எலுமிச்சை, வினிகர், பயோ என்சைம் எதுவும் படக் கூடாது. கடப்பா சுண்ணாம்புக் கல். சமையல் மேடை கடப்பாவாக இருக்கும் வீடுகளில் எலுமிச்சை மூடி கிடந்த இடம் வட்டமாக மங்கிப்போயிருப்பதைப் பார்க்கலாம். அதைத் துடைத்து எடுக்க முடியாது. இந்தத் தரைகளுக்குப் பூந்திக்கொட்டை நீர்தான். கிரானைட்டுக்கும் அதையே பழக்கிக்கொள்வது நல்லது.

மே 18, ஞாயிறு

எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்படி ஜன்னல், மிக்ஸிக்குப் பின்புறச் சுவர். தாளிப்பு எண்ணெய் ஆவியாகிப் படிந்து பிசினாக இறுகியிருக்கிறது. இதற்குப் புளிப்பு உதவாது, காரத்தன்மைதான் வேண்டும். ஒரு லிட்டர் சூடான நீரில் வாஷிங் சோடா 2 டேபிள்ஸ்பூன், 20 நிமிடம் ஊறல், பழைய பல் தேய்க்கும் பிரஷ். கையுறை கட்டாயம். ஃபேன் இறக்கை அலுமினியமாக இருந்தால் இதைத் தொடக்கூடாது, கறுத்துவிடும்; பூந்திக்கொட்டைக் கரைசலைக் கெட்டியாகத் தடவி ஒரு மணி நேரம் விட வேண்டும். இட்லிப் பாத்திரம் அலுமினியமானால் அதற்கும் இதே விதி.

ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து பாட்டிலில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் சுற்றுகின்றன. பொங்குவதைப் பார்த்து வேலை நடப்பதாகத் தோன்றும். நடப்பது இவ்வளவுதான்: காரமும் புளிப்பும் ஒன்றை ஒன்று முறித்து, உப்பு கலந்த தண்ணீரும் வாயுவும் ஆகின்றன. இரண்டு பொருளும் போய்விட்டன, அழுக்கு இருக்கிறது. மூடிவைத்தால் பாட்டில் வெடிக்கவும் செய்யும். சிங்க் குழாய் அடைப்புக்கும் இந்தக் கலவையால் பெரிய பயனில்லை. எண்ணெய் அடைப்பானால் வாஷிங் சோடா இரண்டு ஸ்பூன் போட்டுச் சூடான நீர் ஊற்றலாம். கொதிநீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகும்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. சட்டைக் காலர் அழுக்கு என்பது பெரும்பாலும் தோலின் எண்ணெய்தான். பூந்திக்கொட்டைக் கரைசலைக் காலரில் தேய்த்து அரை மணி நேரம் விட்டால் இளகும். வெள்ளைச் சட்டைக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும், கெட்டியாக ஊற்றி ஊறவிட்டால் லேசான பழுப்புச் சாயல் பிடிக்கலாம். உப்புத் தண்ணீரானால் பக்கெட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா சேர்த்தால் தண்ணீரின் கடினம் குறைந்து அழுக்கு எளிதாக விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. விளையாட்டு மைதானச் சேறு பூந்திக்கொட்டையால் முழுதாகப் போகாது. அதற்குச் சலவைத் தூளே சரி, அளவை மட்டும் குறைக்கலாம்.

சாம்பார் மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் அப்படித்தான் மாறும், துணி கெட்டுவிடவில்லை. துவைத்து ஈரத்தோடு நேர் வெயிலில் போட்டால் ஓரிரு நாளில் வெளுத்துவிடும். ஊக்கு விட்ட துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு அலசல்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மேலே எழுதிய எதையும் நம்பக் கூடாது. இவை அழுக்கைத்தான் எடுக்கும், கிருமியைக் கொல்லும் என்று உறுதி இல்லை. கழிவறைக்கும் தரைக்கும் பிளீச்சிங் பவுடர்: புதிய பவுடரானால் லிட்டருக்கு 15 கிராம், பத்து நிமிடம், பிறகு அலசல். ஜன்னல் திறந்திருக்கட்டும். வினிகர், எலுமிச்சை உப்பு, கழிவறை ஆசிட், பயோ என்சைம் எதோடும் பிளீச்சிங் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தை நன்றாகக் கழுவி, அடுத்த நாள் மற்றதை எடுப்பதே பாதுகாப்பு.

ஜூலை 5, சனி

பாட்டில் திறந்தாயிற்று. வினிகர் வாடையோடு பழ மணமும் இருந்தால் பக்குவம் சரி. புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். இனிப்பு வாடை மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் விடலாம். அவசரப்பட்டுத் துடைத்தால் தரை ஒட்டும், எறும்பும் வரும். மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, அடியில் தங்கும் மண்டியைச் சேர்க்காமல் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

டைல்ஸ் தரைக்கு அரை பக்கெட் தண்ணீரில் 50 மில்லி. குளியலறைச் சுவருக்கு ஒன்றுக்குப் பத்து. கழிவறைக் கோப்பைக்கு அப்படியே ஊற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் தேய்க்கலாம். வாசனைக்கு நீலகிரித் தைலம் சேர்ப்பவர்கள் அதை முதலில் ஒரு ஸ்பூன் பூந்திக்கொட்டைக் கரைசலில் அடித்துக் கலக்க வேண்டும், நேரே விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

வடித்த சக்கையில் ஒரு பிடியை அடுத்த பாட்டிலில் போட்டால் புளிப்பு சீக்கிரம் தொடங்கும். மீதி உரக்குழிக்கு. தொட்டிச் செடியின் வேரில் நேராகப் போட்டால் புளிப்பு தாங்காமல் செடி வாடும்.