மூச்சு கடைசியா போற இடம்

நாம இழுக்குற ஆக்சிஜன் கடைசியா எங்க போகுதுன்னா செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்குற மைட்டோகாண்ட்ரியாங்குற குட்டி உறுப்புக்குத்தாங்க, சாப்பாட்டுலேர்ந்து எடுத்த எலக்ட்ரான் அங்க கைமாறி கைமாறி வந்து ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியாயிடுது, அந்த வழியிலயே புரோட்டானை உள்சவ்வைத் தாண்டி வெளிய தள்ளி அணையில தண்ணி தேக்குற மாதிரி தேக்கி வச்சுக்குது. அது திரும்ப உள்ள பாயுறப்ப ஏடிபிங்குற எனர்ஜி மூலக்கூறைத் தயாரிக்குற ஏடிபி சிந்தேஸ்னு ஒரு புரதம் நிஜமாவே சுத்துது, ராட்டினம் மாதிரி! ஒரு முழு சுத்துக்கு 3 ஏடிபி.

இந்த தேக்குற ஐடியாவ பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961ல சொன்னப்ப நிறைய பேர் ஏத்துக்கல, 1978ல நோபல் குடுத்தாங்க.

எனக்கு மனசுல நின்னது சிவப்பணுதான். அதுல மைட்டோகாண்ட்ரியா ஒண்ணுகூட இல்ல, உடம்பு முழுக்க ஆக்சிஜனை சுமந்துட்டு போகுது, தன் எனர்ஜிக்குன்னு அதைத் தொடுறதே இல்ல.